அந்நியக் காசின் கதி

சென்ற மாதம் என் வகுப்பு மாணவன் ஒருவன் ஒரு சிறு செப்புக் காசைக் கொண்டுவந்து என் மேஜைமீது வைத்தான். அவனுடைய சிற்றப்பா பல வருஷங்கள் கானடா தேசத்தில் உத்தியோகம் பார்த்துவிட்டுத் திரும்பியவர். அவருடைய பெட்டியின் மூலையில் கிடந்த சில்லறையில் அது ஒன்று.

"ஸார், கானடாக் காசில் தாடிக்காரர் ஒருவர் இருக்கிறாரே, அவர் யார்?" என்று கேட்டான்.

எடுத்துப் பார்த்தேன். ஆப்ரஹாம் லிங்கன்! காசு வந்தது கானடாவிலிருந்துதான். ஆனால் அது கானடாக் காசு அல்ல, அமெரிக்க சென்ட். விஷயத்தைச் சொன்னதும் பையன் விட்டானா? "கானடாவில் இப்போது ஒரு சென்ட் காசையே நிறுத்திவிட்டார்களாமே! அப்படியானால் இந்த வெளியூர்க் காசை அங்கே யார் வாங்குவார்கள்?" என்று அடுத்த கேள்வியைப் போட்டான். அதற்கு மணி அடிப்பதற்குள் பதில் சொல்லி முடிக்க இயலவில்லை. சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

கானடாவின் பழைய சென்ட் பெரிய காசு. அதன் குறுக்களவு 25.4 மில்லிமீட்டர். 1920-ல் அதைச் சுருக்கி, அமெரிக்க சென்டின் அளவாகிய 19.05 மில்லிமீட்டருக்குக் கொண்டுவந்தார்கள். இரண்டும் செந்நிறம், இரண்டும் ஒரே அளவு. இரண்டு தேசங்களுக்கும் நடுவே ஆயிரக்கணக்கான மைல் எல்லை. கேட்கவேண்டுமா? அங்கத்திக் காசு இங்கேயும், இங்கத்திக் காசு அங்கேயும் தாராளமாகப் புழங்கின. டாலர் நோட்டுக்கு மாற்று விகிதம் பார்க்கிற கடைக்காரர்கூட, ஒற்றைச் சென்டைத் திருப்பிப் பார்த்துத் தலை யாருடையது என்று விசாரிப்பதில்லை. சட்டம் தந்த உரிமையால் அல்ல, அக்கம்பக்கத்து வழக்கத்தால் அந்தக் காசு செலாவணியாயிற்று.

பிறகு காலம் மாறிற்று. ஒரு சென்ட் காசை அடிக்க 1.6 சென்ட் செலவாகிறதென்று கானடா சர்க்கார் கணக்குப் பார்த்தனர். 2012-ம் வருஷம் மே 4-ந் தேதி வினிபெக் நகரத்துத் தங்கசாலையில் கடைசிச் சென்ட் அடிக்கப்பட்டது. 2013 பிப்ரவரி 4-ந் தேதியோடு அதை வெளியிடுவதும் நின்றது. அதன்பின் ரொக்கம் கொடுப்போருக்கு மொத்தத் தொகையை 5 சென்ட் கணக்கில் திருத்தினார்கள். 12 சென்ட் என்று முடிந்தால் 10; 13 என்றால் 15. ஆயினும் சர்க்கார் தம் சொந்தக் காசைக் கைவிடவில்லை. வீட்டில் கிடக்கும் கானடாச் சென்டுகளைப் பாங்கியில் கொடுத்து முழு மதிப்பையும் பெறலாம் என்றார்கள். திரும்பி வந்த காசுகள் உருக்கப்பட்டு உலோகமாயின.

லிங்கன் காசுக்கு என்ன வழி? சொந்தக் காசு நடமாடியவரைதான் அதன் நிழலில் விருந்தாளிக் காசும் நடமாடியது. நிழல் மறைந்ததும், அதை வாங்கிக்கொள்ளவேண்டிய கடமை கானடாவில் எவருக்கும் இல்லை. ஐம்பது ஐம்பதாகச் சுற்றிய காகிதச் சுருளுக்குள் கலந்தவை எண்ணிக்கையோடு எண்ணிக்கையாகப் போயிருக்கலாம். மற்றவை எல்லை தாண்டித் தாய்நாடு திரும்பவேண்டும். அல்லது ஒருவர் பெட்டி மூலையில் உறங்கவேண்டும். நம் பையன் கண்டெடுத்தது அப்படி உறங்கிய காசுதான்.

ஓர் அந்நியக் காசுக்கு இதைவிட நல்ல கதி உண்டா? உண்டு. அதற்குச் சாட்சி அந்த லிங்கன் காசு பிறந்த அமெரிக்காவே.

அமெரிக்கா தன் முதல் செப்புச் சென்டுகளை அடித்த 1793-ம் வருஷத்திலேயே, ஸ்பெயின் தேசத்து வெள்ளி நாணயங்களையும் சட்டப்படி செல்லும் என்று ஒப்புக்கொண்டது. சொந்தத்தில் போதிய வெள்ளி இல்லாத காலம் அது. ஸ்பானிய டாலரில் எட்டில் ஒரு பங்கான 'ரியால்' பன்னிரண்டரை சென்டாகக் கடை வீதியில் ஓடிற்று. நியூயார்க் பங்கு மார்க்கெட்டில் 1997 வரையில் விலைகளை எட்டில் ஒரு பங்காகக் கணக்கிட்டு வந்தார்களென்றால், அந்தப் பழக்கம் எவ்வளவு ஊறியிருக்கவேண்டும்!

ஆனால், கை மாறிக் கை மாறி, அந்த வெள்ளிக் காசுகள் தேய்ந்து முகம் தெரியாமல் போயின. மறுபுறம், செம்பு விலை ஏறியதால் கனத்த பழைய சென்டை அடிப்பது கட்டுப்படியாகவில்லை. 1857 பிப்ரவரி 21-ந் தேதிச் சட்டம் இரண்டையும் ஒரே கையெழுத்தில் முடித்தது. பழைய சென்டும் அரைச் சென்டும் ஒழிந்தன. அந்நிய நாணயங்களின் சட்ட மதிப்பும் ஒழிந்தது. பழையதில் பாதி எடைகூட இல்லாத புதுச் சென்ட் பிறந்தது.

இங்கேதான் கவனிக்கவேண்டிய நுட்பம் இருக்கிறது. 25 சென்டாக ஓடிய இரண்டு ரியால் காசைத் தபாலாபீசில் கொடுத்தால் 20 சென்ட் கணக்குத்தான். ஆனால் பிலடெல்பியா தங்கசாலைக்கே கொண்டுபோனால், முழுசாக 25 புதுச் சென்டுகள் கிடைக்கும். அதற்கு முதலில் வைத்த கெடு இரண்டு வருஷம். புதுச் சென்டை அடிக்க ஆகும் செலவு அதன் மதிப்பைவிடக் குறைவு. அந்த லாபத்தைக் கொண்டு தேய்ந்த வெள்ளியின் நஷ்டத்தைச் சர்க்கார் ஈடு செய்தனர். வாங்கிய அந்நியக் காசு மறுபடி வெளியே போகக்கூடாது, உருக்கிப் புது நாணயமாக்க வேண்டும் என்பது நிபந்தனை.

மே மாதம் 25-ந் தேதி தங்கசாலையின் முற்றத்தில் தற்காலிகமாக ஒரு மரக் கொட்டகை எழுந்தது. செப்புக் காசு கொண்டு வந்தவர்களுக்கு ஒரு வரிசை, ஸ்பானிய வெள்ளி கொண்டு வந்தவர்களுக்கு ஒரு வரிசை. புதுச் சென்ட் மூட்டையோடு வெளியே வந்தவர்களை வாசலிலேயே மடக்கி, கூடுதல் விலை கொடுத்து வாங்கினார்களாம்.

முன்யோசனையுள்ள ஏற்பாடுதான். ஆயினும் இரண்டு ரியால் காசு எட்டு வைத்திருந்த ஒரு தூரத்துக் கிராமத்துக் குடியானவனை நினைத்துப் பாருங்கள். நேற்றுவரை அவனிடம் 2 டாலர். தபாலாபீசில் 1 டாலர் 60 சென்ட். மிச்சம் 40 சென்டுக்காக அவன் பிலடெல்பியாவுக்குப் பிரயாணம் செய்ய முடியுமா? தங்கசாலைக்கு அருகில் இருந்தவனுக்கு நஷ்டமில்லை. தொலைவில் இருந்தவன் ஐந்தில் ஒரு பங்கை இழந்தான். ஆனால் அவனுக்கும் ஒரு வாசல் திறந்திருந்தது. கானடாவில் கிடந்த லிங்கன் காசுக்கு அந்தத் தபாலாபீசும் இல்லை.

இப்போது சக்கரம் சுழன்றிருக்கிறது. ஒரு சென்டுக்கு 3.69 சென்ட் செலவு என்று கண்ட அமெரிக்கா, 2025 நவம்பர் 12-ந் தேதி அதே பிலடெல்பியாவில் புழக்கத்துக்கான கடைசிச் சென்டை அடித்தது. பழைய சென்டுகள் சட்டப்படி செல்லும். ஆனால் டிட்ராய்ட், பஃபலோ போன்ற எல்லை நகரங்களின் கல்லாப் பெட்டிகளில் அவற்றோடு கலந்து கிடக்கும் கானடாச் சென்டுகளோ இனி விருந்தோம்புவார் இல்லாத விருந்தாளிகள்.

நம் தேசத்திலும் 25 பைசாவும் அதற்குக் கீழ்ப்பட்டவையும் 2011 ஜூன் 30-ந் தேதியோடு நின்றன. சிறு காசை நிறுத்துவது குற்றமல்ல. செலவு மிஞ்சினால் நிறுத்தத்தான் வேண்டும். நிறுத்தும்போது கடைசியாக எவன் கையில் அது தங்குகிறது, அவன் நஷ்டத்தை எவர் ஏற்கிறார் என்பதே கேள்வி. பெரும்பாலும் அந்தக் கடைசிக் கை, பெட்டிக்கடைக்காரருடையதாகவோ, உண்டியல் வைத்திருக்கும் குழந்தையுடையதாகவோதான் இருக்கும்.

தமிழில் காசுக்கும் நேர்மைக்கும் 'நாணயம்' என்ற ஒரே சொல்தான். காசை அடிக்கும்போது மட்டுமல்ல, அதை விலக்கும்போதும் அந்த இரண்டாவது பொருள் நினைவிருக்கவேண்டும் என்று பையனிடம் சொல்லி, லிங்கனை அவன் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன்.