சாக்ஸ் மாட்டச் சொல்லிக்கொடுத்தவர் பத்து முறை சாம்பியன்! தெரியுமா?

கூடைப்பந்தைக் கண்டுபிடித்தவரே பயிற்சியாளராகத் தோற்றுப்போனவர் என்பது தெரியுமா? 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில், பீச் பழக் கூடைகளை மேலே ஆணியடித்து மாட்டி, 13 விதிகளை எழுதி, இந்த ஆட்டத்தையே உருவாக்கியவர் ஜேம்ஸ் நைஸ்மித். பின்னாளில் கான்சாஸ் பல்கலைக்கழக அணிக்குப் பயிற்சியாளரானார். பலன்? 55 வெற்றி, 60 தோல்வி! அந்தப் பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்து வரலாற்றில் வெற்றியைவிடத் தோல்வி அதிகமாக உள்ள ஒரே பயிற்சியாளர் அவர்தான். ஆட்டத்தை அறிவது வேறு, பிள்ளைகளை ஆட வைப்பது வேறு!

அந்த ஸ்பிரிங்ஃபீல்டுக்கும் நம்ம புதுச்சத்திரத்துக்கும் உறவு உண்டு, நம்புவீர்களா? நைஸ்மித் பாடம் நடத்திய அதே கல்லூரியில் படித்துவிட்டு இந்தியா வந்தவர் ஹாரி க்ரோ பக். 1920-ல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கியவர் அவர்தான். 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய அணியை அழைத்துப் போனவரும் அவரே! இன்று நந்தனத்தில் இருக்கும் அந்தக் கல்லூரி வழியாகத்தான் உடற்கல்வி என்ற படிப்பே தமிழ்நாட்டில் வேர் பிடித்தது. சேலம்–நாமக்கல் நெடுஞ்சாலையில் புதுச்சத்திரத்தைச் சுற்றி வரிசையாக நிற்கும் கல்லூரிகளில், சாயங்காலம் விசிலோடு கோர்ட்டில் இறங்கும் பி.டி. சார் எல்லோரும் அந்தப் பரம்பரையின் வாரிசுகள்!

சரி, ஒரு பயிற்சியாளர் எதனால் ஜெயிக்கிறார்? ஓரத்தில் நின்று கத்துவதாலா? சர்வதேச விதிப்படி ஆட்டம் 40 நிமிடம். அதில் அவர் கேட்டுப் பெறக்கூடிய டைம்-அவுட் முதல் பாதியில் 2, இரண்டாம் பாதியில் 3. ஒவ்வொன்றும் ஒரே நிமிடம்! இன்னும் வியப்பு வேண்டுமா? அமெரிக்கக் கல்லூரி ஆட்டங்களில் டைம்-அவுட்டில் பயிற்சியாளர் தன் வீரர்களோடு பேசவே 1948 வரை அனுமதி கிடையாது. ஆட்டம் தொடங்கும் முன்பே சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லி முடித்திருக்க வேண்டும்!

அப்படிச் சொல்லி முடித்தவர்களில் மன்னர் ஜான் வுடன். கலிஃபோர்னியாவின் யு.சி.எல்.ஏ. அணியை 1964 முதல் 1975 வரை 12 ஆண்டுகளில் 10 முறை தேசிய சாம்பியனாக்கினார். அதில் தொடர்ந்து ஏழு பட்டங்கள், தொடர்ந்து 88 வெற்றிகள்! அவர் முதல் நாள் சொல்லிக்கொடுத்த பாடம் என்ன தெரியுமா? சாக்ஸ் மாட்டுவது! சுருக்கம் இல்லாமல் இழுத்து மாட்டு, ஷூ லேஸை இறுக்கிக் கட்டு. சுருக்கம் விழுந்தால் கொப்புளம் வரும், கொப்புளம் வந்தால் பயிற்சி போகும். ஒவ்வொரு நாள் பயிற்சியையும் நிமிடக் கணக்கில் திட்டமிட்டுச் சின்ன அட்டையில் எழுதிவந்தார்.

1974-75 பருவத்தில் இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் உட்கார்ந்து அவர் பேசியதையெல்லாம் குறித்தார்கள். ரோலண்ட் தார்ப், ரொனால்ட் கல்லிமோர் என்று பெயர். மொத்தம் 2,326 குறிப்புகள். அதில் பாதிக்கும் மேல் ‘இதை இப்படிச் செய்’ என்ற நேரடிப் பாடம்! பாராட்டு பத்தில் ஒரு பங்குகூட இல்லை, திட்டும் அதே அளவுதான். அவர் அடிப்படையில் ஓர் ஆங்கில ஆசிரியர், அதுதான் ரகசியம். இன்னொன்றும் உண்டு, நம் கல்லூரி நிர்வாகிகள் இதை இரண்டு முறை படிக்க வேண்டும்: அவருக்கு முதல் பட்டம் கிடைத்தது யு.சி.எல்.ஏ.யில் 16-வது பருவத்தில்! அதுவரை அவரை யாரும் மாற்றவில்லை.

தோல்வியைத் தாங்குவதிலும் ஓர் அதிசயம் பாருங்கள். 2018-ல் டோனி பென்னட்டின் வர்ஜீனியா அணி, தரவரிசையில் முதலிடத்தோடு தேசியப் போட்டிக்குள் வந்து, தன் பிரிவின் கடைசி இடமான 16-ல் இருந்த அணியிடம் தோற்றது. ஆடவர் போட்டி வரலாற்றில் அப்படி நடந்தது அதுவே முதல் முறை. ஊரே சிரித்தது. அடுத்த ஆண்டு, 2019-ல், அதே அணி தேசிய சாம்பியன்! அப்பேர்ப்பட்டவரே 2024 அக்டோபரில், பருவம் தொடங்கச் சில வாரங்கள் இருக்கும்போது விலகிவிட்டார். காரணம், காலம் மாறிவிட்டது. 2021 முதல் அங்கே மாணவ வீரர்கள் விளம்பரத்தில் சம்பாதிக்கலாம். கல்லூரி விட்டுக் கல்லூரி தாவி உடனே ஆடலாம். 2025 முதல் கல்லூரியே வருமானத்தில் நேரடியாகப் பங்கு தரலாம். இன்றைய பயிற்சியாளர் ஆண்டுதோறும் புது அணி கட்ட வேண்டும், இருப்பவனைத் தக்கவைக்கவும் வேண்டும்.

பெண்கள் அணியில் பேட் சம்மிட்டை மறக்க முடியுமா? 1974-ல் 22 வயதில் டென்னசி பல்கலைக்கழகத்தில் பொறுப்பேற்றபோது அணியின் வேனை ஓட்டியதும், ஜெர்சி துவைத்ததும் அவரே! முடிவில் 1,098 வெற்றிகள், 8 தேசியப் பட்டங்கள். அவரிடம் முழுக்காலம் ஆடிய பெண்கள் அத்தனை பேரும் பட்டதாரிகள்! எனக்கு அந்த 1,098-ஐவிட இதுதான் பெரிய சாதனை. நம் பக்கத்திலும் சென்னைப் பெண் அனிதா பால்துரை இந்திய அணிக்குத் தலைமை தாங்கி, 2021-ல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டபோது எத்தனை வீடுகளில் பெண்ணைக் கோர்ட்டுக்கு அனுப்பத் துணிவு வந்திருக்கும்!

கல்லூரி அணிகளில் பயிற்சி கொடுத்துப் பழகியவர் கையில் நாடே ஜெயித்ததும் உண்டு. ஒஹையோவின் சிறிய மவுண்ட் வெர்னன் நசரீன் கல்லூரியில் நெடுங்காலம் பயிற்சியளித்த ஸ்காட் ஃப்ளெமிங், இந்திய ஆடவர் அணிக்குப் பயிற்சியாளராக வந்தார். 2014-ல் வூஹானில், சீன மண்ணிலேயே, இந்தியா 65-58 என்று சீனாவை வீழ்த்தியது! சீனா தன் முதல்தர அணியை இறக்கவில்லை என்பது உண்மைதான். அதற்காக அந்த ஸ்கோர்போர்டு அழிந்துவிடுமா?

நம் சாலையில் இன்னொரு விசித்திரம். ஆண்டகளூர் கேட் அரசு கலைக் கல்லூரி மாணவன் பெரியார் பல்கலைக்கழகத்துக்காக ஆடுவான், பாச்சல் பக்கத்துப் பொறியியல் மாணவன் அண்ணா பல்கலைக்கழகத்துக்காக ஆடுவான். ஒரே பஸ்ஸில் போய் எதிரெதிர் அணி! பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்குத் தனி இடங்கள் உண்டு, அரசு வேலையில் 3 சதவீத ஒதுக்கீடு உண்டு. இதையெல்லாம் பிளஸ் டூ முடிக்கும் பையனுக்கும் பெண்ணுக்கும் எடுத்துச் சொல்லி, சான்றிதழைச் சரிபார்த்து, வீட்டில் பேசிச் சம்மதம் வாங்குவது பெரும்பாலும் அந்த பி.டி. சார்தான்.

கல்லூரி நிர்வாகிகளே, அவரை வாசலில் அடையாள அட்டை பார்க்க நிறுத்தாதீர்கள். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் கோர்ட்டில் விடுங்கள், பத்து வருஷம் பொறுங்கள்.