சம்பளத்தை டபுள் ஆக்கி செலவைக் குறைத்த ஹென்றி ஃபோர்டு: உங்க மேனேஜர் போட வேண்டிய கணக்கு

"டீம்ல புரொடக்டிவிட்டி கம்மியா இருக்கு"ன்னு மேனேஜர் சொன்னா அடுத்து என்ன வரும்னு நமக்கே தெரியும். புதுசா ஒரு டிராக்கர் ஷீட், இன்னொரு ரிவியூ கால், சனிக்கிழமையும் ஆபீஸ்! 2023-ல் நாராயண மூர்த்தி வாரம் 70 மணி நேர வேலையைப் பற்றிச் சொன்னதிலிருந்து இந்த விவாதம் ஓயவே இல்லை. நாம இதை ஒரு ஆடிட்டர் பார்வையில், வெறும் கணக்கா பார்ப்போம்.

ஃபோர்டு என்ன செய்தார்?

1913-ல் அமெரிக்காவின் ஹைலேண்ட் பார்க் தொழிற்சாலையில் ஹென்றி ஃபோர்டு நகரும் அசெம்பிளி லைனைக் கொண்டுவந்தார். 'மாடல் டி' காரின் சேஸிஸைப் பூட்ட முன்பு 12 மணி நேரத்துக்கு மேல் ஆகும். சில மாதங்களில் அது சுமார் ஒன்றரை மணி நேரமாகக் குறைந்தது.

ஆனா நாள் முழுக்க ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செஞ்சா யாருக்குத்தான் சலிக்காது? ஆட்கள் நின்னுக்கிட்டே இருந்தாங்க. சுமார் 14,000 பேர் வேலை செய்யும் இடத்துக்கு, அந்த ஒரே வருஷத்தில் 52,000 பேரை எடுக்க வேண்டியிருந்தது. அட்ரிஷன் 370%!

1914 ஜனவரியில் ஃபோர்டு ஒரு அறிவிப்பு வெளியிட்டார். 9 மணி நேரத்துக்கு 2.34 டாலர் என்றிருந்த கூலி, 8 மணி நேரத்துக்கு 5 டாலர் ஆனது. 1915-ல் அட்ரிஷன் சுமார் 16%-க்கு இறங்கியது. இதை அவர் தர்ம காரியமாகச் சொல்லவில்லை. செலவைக் குறைத்த நடவடிக்கையாகத்தான் பின்னாளில் குறிப்பிட்டார்.

இதில் காப்பி அடிக்கக் கூடாத விஷயமும் உண்டு. அந்த 5 டாலரில் பாதி, நிபந்தனையோடு வந்த 'லாபப் பங்கு'. தொழிலாளி குடிக்கிறாரா, சேமிக்கிறாரா என்று கம்பெனி வீட்டுக்கே ஆள் அனுப்பி விசாரித்தது.

நம்ம ஆபீஸ் கணக்கு

மாசம் ₹50,000 வாங்குறவர் பேப்பர் போடுறார்னு வைங்க. இது உதாரணக் கணக்குதான்:

- புது ஆளைப் பிடிக்க கன்சல்டன்சிக்கு ஒரு மாசச் சம்பளம்: ₹50,000
- புதியவர் முதல் 3 மாசம் பாதி வேகத்தில் வேலை செய்றதால் இழப்பு: ₹75,000
- ₹1 லட்சம் வாங்கும் சீனியர் தினமும் 1 மணி நேரம், 3 மாசம் சொல்லிக் கொடுத்தால்: ₹37,500

மொத்தம் ₹1,62,500. அவருக்கே 15% ஹைக் கொடுத்திருந்தா வருஷத்துக்கு ₹90,000-தான். ஆனா ஹைக் பட்ஜெட் எக்ஸெல்லில் தெரியும், ஆள் போற செலவு எந்தக் கலத்திலும் தெரியாது. பிரச்சினையே அங்கதான்.

மேனேஜர் என்ன செய்யலாம்?

1. மீட்டிங்கைக் குறைங்க. 8 பேர், தினமும் 1 மணி நேரம், மாசம் 22 நாள். மொத்தம் 176 மணி நேரம். அதாவது ஒரு ஊழியரோட முழு மாச வேலை!
2. சீட்டைப் பார்க்காம, முடிஞ்ச வேலையைப் பாருங்க. 6 மணிக்கு முடிச்சவரை 9 மணி வரை உட்கார வெச்சா, அவர் வேற வேலை தேடத்தான் அந்த நேரம் உதவும்.
3. ஹைக்கை முன்னாடியே கேட்டு வாங்கிக் கொடுங்க. பேப்பர் போட்ட பிறகு வரும் கவுண்டர் ஆஃபர், போட்டவருக்குத்தான் லாபம்னு மத்தவங்களுக்குச் சொல்லிக் கொடுக்குது.

நீங்க என்ன செய்யணும்?

அப்ரைசலில் "வாடகை ஏறிடுச்சு, இஎம்ஐ இருக்கு"ன்னு ஆரம்பிக்காதீங்க. அது உங்க செலவு, கம்பெனியோடது இல்லை. இந்த வருஷம் என்ன முடிச்சீங்க, எத்தனை மணி நேரம் மிச்சமாச்சு, யாருக்கு வேலை கத்துக் கொடுத்தீங்கன்னு மாசவாரியா எழுதி எடுத்துட்டுப் போங்க. மிரட்டல் வேண்டாம், நம்பர் போதும்.

நாளைக்கு நீங்களே டீம் லீட் ஆனாலும் இந்த ₹1,62,500 கணக்கை மறந்துடாதீங்க. உங்க டீமில் ஒருத்தர் போனா எவ்வளவு ஆகும்? போட்டுப் பார்த்து கமெண்டில் சொல்லுங்க, அடுத்த வீடியோவில் பேசுவோம்.