நிர்வாக சேவைப் பரீட்சையும் நடப்பு விவகார அறிவும்

இலங்கைச் சிவில் சேவை 1963 இல் ஒழிக்கப்பட்டு நிர்வாக சேவை தோன்றிய பின்னரும், போட்டிப் பரீட்சைக்கான பொது அறிவு நூல்கள் பெரும்பாலும் நடப்பு விவகாரங்களைத் திகதிகளாகவும் தொகைகளாகவுமே தருகின்றன. வெளிநாட்டுக் கடன் மீளச்செலுத்தல் இடைநிறுத்தப்பட்ட நாள் 2022 ஏப்பிரல் 12. சர்வதேச நாணய நிதியம் ஏறத்தாழ 300 கோடி டொலர் கடனுக்கு இசைந்தது 2023 மார்ச்சில். விடைகள் சரியானவையே. அவற்றைப் பிணைக்கும் காரண காரியத் தொடர்புதான் அங்கில்லை.

பெறுமதி சேர் வரியை எடுத்துக்கொள்வோம். 2019 டிசெம்பரில் அது 15 வீதத்திலிருந்து 8 வீதமாகக் குறைக்கப்பட்டது. 2020 இல் கம்பனிகளின் வருமான வரியும் 28 வீதத்திலிருந்து 24 ஆயிற்று. அரச வருவாய் சரிந்தது. கடன்தர மதிப்பீடு வீழ, சர்வதேச மூலதனச் சந்தையிற் புதுக்கடன் பெறும் வழி அடைபட்டது. பெருந்தொற்று இச்சரிவை விரைவுபடுத்தியதேயன்றித் தோற்றுவிக்கவில்லை என்பது நமது கருத்து. 2024 சனவரியில் அதே வரி 18 வீதமாயிற்று. மறைமுக வரியாதலின் தோட்டத் தொழிலாளியும் பெருவணிகரும் ஒரே வீதத்தில் அதனைச் செலுத்துகின்றனர். வருமானத்தோடு ஒப்பிடின் தொழிலாளியின் சுமையே பெரிது.

பரீட்சையிற் சித்தியெய்துபவர் நாளை உதவிப் பிரதேச செயலாளராகலாம். 2023 இல் அஸ்வெசும கொடுப்பனவுப் பட்டியலிற் பெயர் விடுபட்டோர் மேன்முறையீடுகளுடன் வந்தது பிரதேச செயலகங்களுக்கே. அவர்கள் ஏன் வந்தனர் என்பதற்கு அந்நூல்களில் விடை காண்பதரிது.