பச்சை இலை அச்சிட்ட பை எங்கே போய்ச் சேர்கிறது?

பச்சை நிறம், மேலே ஓர் இலைப்படம், அதன் கீழே 'நூறு விழுக்காடு மக்கும்' என்ற வாசகம். இப்படிப்பட்ட குப்பைப் பைகளை இன்று தமிழ்நாட்டு நகரங்களில் பலர் கூடுதல் விலை கொடுத்து வாங்குகிறார்கள். காய்கறித் தோலையும் மிச்சச் சோற்றையும் இதில் கட்டிக் கொடுத்துவிட்டால் கழிவோடு பையும் சேர்ந்து உரமாகிவிடும் என்பது அவர்கள் எண்ணம். நல்ல மனத்தோடு செய்கிற காரியம்தான். ஆனால் ஒரு பை மக்குமா என்பதை அது எதனால் ஆனது என்பது மட்டும் முடிவு செய்வதில்லை. அது போய்ச் சேரும் இடத்தின் சூடு, ஈரம், காற்று, அங்கே அது கிடக்கும் நாட்கள் ஆகியவையும் சேர்ந்தே முடிவு செய்கின்றன. நம் ஊர்களில் இன்றுள்ள ஏற்பாட்டில் வீட்டு ஈரக்கழிவைப் பையில் கட்டவே வேண்டாம் என்பதும், கட்டித்தான் ஆக வேண்டும் என்றால் எந்தப் பை, யார் சான்றளித்த பிறகு என்று கேட்டுத் தெரிந்துகொள்ளும் உரிமை நமக்கு உண்டு என்பதும் இங்கே சொல்ல வேண்டியவை.

'மக்கும் பை' என்ற ஒரே பெயரில் மூன்று வேறு வேறு சரக்குகள் விற்கின்றன. முதல் வகை, சாதாரண பாலிஎத்திலீனோடு உலோக உப்புகளைக் கலந்து செய்வது. வெயிலும் காற்றும் பட்டால் இது நொறுங்கும். நொறுங்குவது வேறு, மக்குவது வேறு. கண்ணுக்குத் தெரியாத துணுக்குகளாகி இது மண்ணிலேயே தங்கிவிடும். ஐரோப்பிய ஒன்றியம் 2019-இல் கொண்டுவந்த சட்டத்தின் மூலம் இந்த வகையைச் சந்தையிலிருந்தே விலக்கியது. இரண்டாம் வகை, எந்த இடத்தில், எத்தனை நாளில் என்று எதுவும் சொல்லாமல் 'இயற்கையாகச் சிதையும்' என்று மட்டும் அச்சிட்டு வருவது. மூன்றாவதுதான் உண்மையிலேயே உரமாகும் நெகிழி. மாவுச்சத்தோடு பி.எல்.ஏ., பி.பி.ஏ.டி. என்ற சிதையக்கூடிய பாலிமர்களைக் கலந்து இதைச் செய்கிறார்கள். மக்காச்சோளப் பை என்று பேர் வைத்தாலும், இதில் சேரும் பி.பி.ஏ.டி. பெரும்பாலும் பெட்ரோலியத்திலிருந்து வருவதே. இந்த மூன்றாம் வகைக்கு ஐ.எஸ்./ஐ.எஸ்.ஓ. 17088 என்ற தரநிலை இருக்கிறது. தேர்வுக்கு வைக்கும் பை 12 வாரங்களில், பத்தில் ஒரு பங்குக்கு மேல் 2 மில்லிமீட்டர் சல்லடையில் தங்காத அளவுக்குச் சிதைய வேண்டும். அதன் கரிமத்தில் 90 விழுக்காடு 6 மாதங்களுக்குள் கரியமில வாயுவாக மாற வேண்டும். கடுமையான, நேர்மையான தேர்வு இது. ஆனால் அது 58 பாகை செல்சியஸை ஒட்டிய சூட்டில் நடக்கும் தேர்வு. பையின் மேலிருக்கும் இலைப்படம் அதைச் சொல்வதில்லை.

அந்தச் சூடு இல்லாத இடத்தில் என்ன ஆகும் என்பதற்குச் சான்றுகள் உள்ளன. இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இமோஜன் நேப்பர், ரிச்சர்ட் தாம்சன் இருவரும் பல வகைப் பைகளை மண்ணில் புதைத்தும் கடலில் அமிழ்த்தியும் திறந்த வெளியில் வைத்தும் 3 ஆண்டுகள் கவனித்தார்கள். முடிவுகள் 2019-இல் வெளிவந்தன. 'இயற்கையாகச் சிதையும்' என்று விற்கப்பட்ட பை 3 ஆண்டுகள் மண்ணிலும் கடலிலும் கிடந்த பிறகும் கடைச் சாமான்களைத் தாங்கியது. உரமாகும் பை கடலில் 3 மாதங்களுக்குள் காணாமல் போனது. மண்ணிலோ 27 மாதங்கள் கழித்தும் இருந்தது. லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரி ஆய்வாளர்கள் பொதுமக்களையே சேர்த்துக்கொண்டு நடத்திய ஆய்வு 2022-இல் வந்தது. வீட்டு உரத்தொட்டியிலேயே மக்கும் என்று சான்று பெற்ற நெகிழிகளில் 60 விழுக்காடு அந்தத் தொட்டிகளில் முழுதாகச் சிதையவில்லை என்று அது காட்டியது. சான்று பெற்ற சரக்கின் நிலையே இதுதான் என்றால், சான்றே இல்லாத பையிடம் எதை எதிர்பார்ப்பது?

இனி நம் ஊருக்கு வருவோம். வாசலில் தரும் ஈரக்கழிவு நுண் உர மையத்துக்குப் போகலாம், உயிரி எரிவாயு நிலையத்துக்குப் போகலாம், தரம் பிரிக்கப்படாவிட்டால் குப்பைக் கிடங்குக்குப் போகும். நுண் உர மையத்தின் தொட்டிகளில் நடுப்பகுதி நன்றாகச் சூடேறினாலும் ஓரங்களில் அந்தச் சூடு வராது. வாரக்கணக்கில் நிலைப்பதும் அரிது. காய்கறிக் கழிவு உரமாகிச் சலிக்கத் தயாராகும்போது பை அரைகுறையாகத்தான் இருக்கும். எரிவாயு நிலையத்தில் கழிவை அரைப்பதற்கு முன்பே பைகளை அகற்றியாக வேண்டும், இல்லாவிட்டால் அவை இயந்திரத்தில் சுற்றிக்கொள்ளும். கிடங்கின் நிலை இவை எல்லாவற்றையும்விட மோசம். சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் எழுந்த பெருங்குடி மேட்டின் உள்ளே காற்று புகாது. அங்கே எது அழுகினாலும் மீத்தேன் வாயு வெளிவரும். நூறாண்டுக் கணக்கில் பார்த்தால், எடைக்கு எடை கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 28 மடங்கு புவியைச் சூடாக்குவது இந்த வாயு, எளிதில் தீப்பற்றுவதும்கூட. 2022 ஏப்ரலில் பெருங்குடிக் கிடங்கு பற்றி எரிந்தபோது சுற்றுவட்டாரத்து மக்கள் அந்தப் புகையைச் சுவாசித்தார்கள்.

இதையெல்லாம்விட என்னை உறுத்துவது மனிதக் கைகளின் பிரச்சினை. சான்று பெற்ற பச்சைப் பையையும் போலிப் பச்சைப் பையையும் பார்வையில் பிரித்தறிய முடியாது. அதனால் தூய்மைப் பணியாளர் எல்லாப் பைகளையும் அவிழ்த்து, கொட்டி, தனியே எடுக்கிறார். கட்டிய பைக்குள் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. பிளேடு இருக்கலாம், உடைந்த கண்ணாடி இருக்கலாம், ஊசி இருக்கலாம். திறந்த வாளியில் கொடுத்தால் உள்ளே இருப்பது கொடுப்பவருக்கும் தெரியும், வாங்குபவருக்கும் தெரியும். பணியாளருக்குக் கையுறை, காலணி, முகக்கவசம் வழங்குவது உள்ளாட்சியின் கடமை என்று 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் கூறின. அவை கிடைக்காதபோது குடியிருப்போர் அவருக்காகக் கேட்கலாம், கேட்க வேண்டும்.

இத்தாலியின் மிலான் நகரத்தில் இந்தப் பைகள் வெற்றி பெறவில்லையா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. மிலான் 2012-இல் தொடங்கி 2014-க்குள் நகரம் முழுவதும் உணவுக்கழிவைத் தனியே வாங்கத் தொடங்கியது. வீடுதோறும் காற்றோட்டமுள்ள சிறு வாளி, அதற்குள் உரமாகும் பை. ஆனால் அந்த நாடு 2011-லேயே உரமாகாத நெகிழிக் கைப்பைகளைக் கடைகளிலிருந்து விலக்கியிருந்தது. ஆகவே கடையில் வாங்கி வரும் பையே குப்பைக்கும் உதவியது, அதை ஏற்கக்கூடிய பெரிய ஆலை மறுமுனையில் காத்திருந்தது. பை அங்கே ஒரு நீண்ட சங்கிலியின் கண்ணி. சங்கிலி இல்லாமல் கண்ணியை மட்டும் கடையில் வாங்கிப் பயனில்லை.

நாற்றமும் நீர்க்கசிவும்தான் வீடுகளில் சொல்லப்படும் அடுத்த காரணம். மீன் கழிவையும் குழம்பு மிச்சத்தையும் வெறும் வாளியில் எப்படி வைப்பது, மின்தூக்கியில் எப்படிக் கொண்டுபோவது என்கிறார்கள். இதற்குப் பெங்களூரு ஏற்கெனவே விடை கண்டிருக்கிறது. 'இரண்டு வாளி, ஒரு பை' என்ற அங்குள்ள முறையை உயர் நீதிமன்றம் 2015 டிசம்பரில் கட்டாயமாக்கியது. ஈரக்கழிவின் பச்சை வாளிக்குள் நெகிழி உறை கிடையாது, பழைய செய்தித்தாளை மடித்துப் போட்டால் போதும். பை என்பது உலர்கழிவுக்கு மட்டும். சமையல் கழிவை வாளியில் போடும் முன் நீரை வடித்துவிட்டால் பாதிச் சிக்கல் தீர்ந்தது. மீதிப் பாதியைக் காய்ந்த இலை தீர்க்கும். ஈரக்கழிவில் நைட்ரஜன் மிகுதி, சருகில் கரிமம் மிகுதி. கரிமம் 25 முதல் 30 பங்குக்கு நைட்ரஜன் ஒரு பங்கு என்ற அளவில் இருந்தால் குவியல் நாற்றமின்றி மக்கும். ஒரு கைப்பிடிச் சருகை மேலே தூவினால் கசிவை அது உறிஞ்சிக்கொள்ளும். பையிடம் எதிர்பார்த்த வேலையை வேப்பமரத்தடியில் உதிர்ந்து கிடப்பதே செய்துவிடும்.

தோட்டக்கழிவைப் பற்றி நீளமாகச் சொல்லத் தேவையில்லை. தென்னமட்டைக்கும் மாவிலைக்கும் எந்தப் பையும் வேண்டாம். பையில் அடைத்தால் வெந்து அழுகும். 2016 விதிகள் அதைச் சொந்த வளாகத்திலேயே தனியாகச் சேர்த்துவைத்து உள்ளாட்சி சொல்லும் முறையில் ஒப்படைக்கச் சொல்லின. திறந்த வெளியில் குப்பையை எரித்தால் 5,000 ரூபாயும், பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாயும் சுற்றுச்சூழல் இழப்பீடு என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அல்மித்ரா படேல் வழக்கில் 2016 டிசம்பரில் ஆணையிட்டது. சருகைக் கூட்டித் தீ வைக்கும் வழக்கமும் இதில் அடங்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் பை வாங்குகிறவர்களுக்குச் சட்டம் சில பிடிமானங்களைத் தந்திருக்கிறது. தமிழ்நாட்டில் தடிமன் எதுவானாலும் நெகிழிக் கைப்பைகளுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை; உரமாகும் பைக்கு விலக்கு. அந்த விலக்குக்குள் நுழைந்துவிடப் பலர் இலைப்படத்தை அச்சிடுகிறார்கள். ஆகவே படத்தை விட்டுவிட்டு எழுத்தைப் பாருங்கள். தயாரிப்பாளர் பெயர், 17088 தரநிலை, மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்று எண் ஆகியவை இருக்க வேண்டும். வாரியத்தின் சான்று பெறாமல் உரமாகும் கைப்பையை விற்க முடியாது, சான்று பெற்றவர்களின் பட்டியல் வாரியத்தின் இணையதளத்தில் இருக்கிறது. தொழில்முறை உரமாக்கத்தில் மட்டுமே மக்கும் என்ற வாசகமும் வேண்டும் என்கிறது 2024-ஆம் ஆண்டுத் திருத்தம். இவை இல்லாத பையைக் கண்டால் ரசீதோடும் படத்தோடும் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் எழுதிக் கொடுக்கலாம். சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இப்போது 10,000 ரூபாயிலிருந்து 15 லட்சம் வரை அபராதம் விதிக்க இடமுண்டு.

பொய்யான பசுமை விளம்பரம் தனிக் குற்றச்சாட்டு. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, 'சூழலுக்கு உகந்தது' போன்ற பொதுவான சொல்லைப் பயன்படுத்துகிற நிறுவனம் அதற்கு ஆதாரம் காட்டியாக வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள், குடியிருக்கும் ஊரிலேயே வழக்குத் தொடுக்கலாம்; 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. பையின் தன்மை ஆய்வில்தான் தெரியும் என்றால் ஆணையமே அதை ஆய்வகத்துக்கு அனுப்பும். ஆகவே பையையும் உறையையும் தூக்கி எறியாமல் வைத்திருங்கள்.

உள்ளாட்சியிடம் கேட்க வேண்டியது வேறொன்று. எங்கள் தெருவின் ஈரக்கழிவு எந்த மையத்துக்குப் போகிறது, அங்கே உரமாகும் பைகளை ஏற்கிறார்களா, ஏற்காவிட்டால் அவற்றை என்ன செய்கிறார்கள், பிரித்தெடுக்கும் பணியாளர்களுக்கு என்னென்ன பாதுகாப்புக் கருவிகள் வழங்கப்பட்டன? இந்த நான்கு கேள்விகளையும் 10 ரூபாய்க் கட்டணத்தோடு தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் குடியிருப்போர் நலச் சங்கத்தின் பொறுப்பாளர் தன் பெயரிலோ, தனி ஒருவரோ எழுதி அனுப்பலாம். பதில் 30 நாட்களுக்குள் வர வேண்டும். வராவிட்டால், அல்லது வந்த பதில் மழுப்பலாக இருந்தால், அடுத்த 30 நாட்களுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலரிடம் முறையிடலாம்.