சிறைக்குள் ஒரு பெருக்கல் கணக்கு

2012-க்குள் சிறைகளில் இன்னும் 17,000 படுக்கைகள் வேண்டியிருக்கும், அதற்கு ஏறக்குறைய 200 கோடி டாலர் ஆகும் என்று 2007-ல் டெக்சாஸ் சட்டமன்றத்துக்கு ஒரு கணிப்பு வந்தது. குற்றவாளிகளிடம் இளகிய மனம் காட்டும் மாநிலம் என்று டெக்சாஸை யாரும் சொன்னதில்லை. தேவைப்பட்டால் சிறை கட்டிக்கொள்ளும் அனுமதியைக் கையில் வைத்துக்கொண்டாலும், அந்த ஆண்டு போதை சிகிச்சைக்கும் வெளியில் வைத்துக் கண்காணிப்பதற்கும் 24.1 கோடி டாலர் ஒதுக்கினார்கள். கணிப்பில் இருந்த செலவோடு பார்த்தால் எட்டில் ஒரு பங்குகூட வராது.

இதை முன்னின்று நடத்திய இருவரில் ஜெர்ரி மேடன் குடியரசுக் கட்சிக்காரர், ஜான் விட்மயர் ஜனநாயகக் கட்சிக்காரர். மேடன் அடிப்படையில் ஒரு பொறியாளர். அது தற்செயலாக இருக்கலாம். ஆனால் இந்தக் கதைக்கு ரொம்பப் பொருத்தம்.

வரிசைகளைப் பற்றி ஓர் எளிய விதி உண்டு. 1961-ல் அதற்கு நிரூபணம் தந்தவர் அமெரிக்கரான ஜான் லிட்டில். ஓர் இடத்தில் இருப்பவர்களின் எண்ணிக்கை என்பது, உள்ளே வரும் வேகத்தைச் சராசரியாகத் தங்கும் காலத்தால் பெருக்கினால் வருவது. வங்கிக்கும் ஆஸ்பத்திரி வார்டுக்கும் பொருந்துகிற இந்த விதி சிறைக்கும் பொருந்தும். ஆண்டுக்கு 1,000 பேர் வந்து, ஆளுக்குச் சராசரியாக 3 ஆண்டு இருந்தால் எந்த நாளில் எண்ணினாலும் உள்ளே சுமார் 3,000 பேர். தங்கும் காலத்தில் இரண்டே மாதம் குறைந்தால் 167 படுக்கைகள் காலியாகிவிடும். குற்றம் கூடியதா குறைந்ததா என்ற பேச்சே இதில் வரவில்லை, பாருங்கள்.

டெக்சாஸில் அந்தக் காலம் எங்கே நீண்டது? பரோல் பெறத் தகுதியான ஒரு கைதியை எடுத்துக்கொள்வோம். (அங்கே பரோல் என்பது நம்மூர் போல நாலு நாள் விடுப்பு அல்ல, மீதித் தண்டனையை வெளியே கண்காணிப்பில் கழிப்பது.) போதை சிகிச்சையை முடித்தால் போகலாம் என்று பரோல் வாரியம் சொல்லிவிடும். சிகிச்சையிலோ இடம் இருக்காது. இடம் கிடைக்கும்வரை அவர் சிறைப் படுக்கையில் கிடப்பார், அரசு செலவில். நீதிமன்றத்திலும் இதே கதைதான். வெளியே சிகிச்சைக்கு அனுப்ப வழியில்லாததால், நன்னடத்தை நிபந்தனையை மீறியவரை நீதிபதி சிறைக்கே அனுப்புவார். 'உள்ளே வருவோர்', 'தங்கும் காலம்' இரண்டையும் ஏற்றிவிட்டது ஒரே பற்றாக்குறை. பணம் அங்கேதான் போனது. குடித்துவிட்டு வண்டி ஓட்டிச் சிறைக்கு வந்தவர்களுக்கென்றே 500 படுக்கைகளோடு ஒரு சிகிச்சைப் பிரிவும் அதில் அடக்கம்.

கணிப்பு சொன்ன ஏற்றம் வரவில்லை. 2011-ல் சுகர்லேண்ட் நகரில் இருந்த நூற்றாண்டுப் பழைய சென்ட்ரல் சிறை மூடப்பட்டது. ஒரு காலத்தில் கைதிகளை வைத்துக் கரும்பு பயிரிட்ட மண் அது. மாற்றுச் சிறை கட்டாமல், தன் வரலாற்றில் டெக்சாஸ் இழுத்து மூடிய முதல் சிறையும் அதுவே. அந்த ஆண்டுகளில் குற்றங்களும் குறைந்தன. ஆனால் அமெரிக்கா முழுக்கவே அப்போது குறைந்துகொண்டிருந்ததால், சீர்திருத்தத்தால்தான் குறைந்தது என்று மார்தட்ட முடியாது. சிறையை நிரப்பாமலும் குற்றம் குறையலாம் என்பதுவரை சொல்லலாம். பொதுப் பாதுகாப்புக்குப் பணம் கேட்கிறவர்கள் சட்டமன்றத்தில் வைக்க எனக்குத் தெரிந்து இதைவிட வலுவான வாதம் இல்லை.

ஆனாலும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட கைதிகளோடு, மாநிலச் சிறைகளில் அதிகம் பேரை அடைத்து வைத்திருப்பது இன்றும் டெக்சாஸ்தான். காரணம் அதே பெருக்கலில் இருக்கிறது. 30 ஆண்டு தண்டனை பெற்ற ஒருவர், ஓராண்டு இருந்துவிட்டுப் போகும் 30 பேரின் இடத்தை நிரப்புகிறார். வயது ஏற ஏறக் குற்றத்தில் இறங்கும் வாய்ப்பு குறைகிறது, மருத்துவச் செலவோ கூடுகிறது. 2007-ன் பணம் தொட்டது பெரும்பாலும் குறுகிய தண்டனைக்காரர்களை. நீண்ட தண்டனைகள் இருந்தபடியே இருக்கின்றன.