கையில் இருப்பது எந்த மாத்திரை? பார்வையற்றவர் வீட்டில் அன்றாடம் கண்டம்!

சென்னை:
கடற்கரை– தாம்பரம் மின்சார ரெயிலில் பேனா, சீப்பு, ஊக்கு விற்கும் பார்வையற்ற வியாபாரி ஒருவர், ரத்த கொதிப்பு மாத்திரை என்று நினைத்து சர்க்கரை மாத்திரையை விழுங்கி விட்டார். உயிருக்கு போராடிய அவரை பக்கத்து வீட்டு பெண் சமயத்தில் ஓடி வந்து காப்பாற்றினார்.

அவருக்கு வயது 52. வியாசர்பாடியில் ஒரு ஓட்டு வீட்டில் மனைவியுடன் குடியிருக்கிறார். மனைவிக்கும் கண் தெரியாது.

இரண்டு பேரும் படித்தவர்கள்தான். பிரெய்லி புத்தகத்தை கொடுத்தால் விரலால் தடவி மளமளவென்று படித்து விடுவார்கள். ஆனால் மாத்திரை அட்டையில் தடவி படிக்க என்ன இருக்கிறது? எல்லா அட்டையும் ஒரே மாதிரி வழவழவென்றுதான் இருக்கிறது.

நடந்தது என்ன?

அவருக்கு காலையில் சாப்பாட்டுக்கு முன்பு சர்க்கரைக்கு ஒரு கிளிமிபிரைடு மாத்திரை. இரவில் ரத்த கொதிப்புக்கு ஒரு மாத்திரை. பல வருடமாக இதுதான் வழக்கம். நீளமாக இருந்தால் பி.பி., குட்டியாக இருந்தால் சுகர். விரல்தான் அவருக்கு கண்.

ஒரு நாள் மருந்து கடையில் வழக்கமான கம்பெனி சரக்கு இல்லை. அதே மருந்தை வேறு கம்பெனி தயாரிப்பாக கொடுத்தார்கள். மருந்தில் தப்பு இல்லை. ஆனால் அது நீளமாக இல்லை. அதுவும் குட்டி!

"மாத்திரை மாறியிருக்குண்ணே" என்று கடையில் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இவரும் கேட்கவில்லை.

அன்று இரவு வியாபாரம் முடிந்து வர நேரமாகி விட்டது. ஒரு பன்னும் டீயும்தான் சாப்பாடு. அசதியில் டப்பாவுக்குள் கை விட்டு ஒரு மாத்திரையை எடுத்து போட்டு கொண்டு படுத்தார்.

இரண்டு மணி நேரம் கழித்து நடந்ததை அவருடைய மனைவி சொல்கிறார்:-

"தூக்கத்துல ஏதோ புலம்புறாருன்னு நெனைச்சேன். தொட்டு பார்த்தா சட்டை தொப்பலா நனைஞ்சிருக்கு. கை வெடவெடன்னு நடுங்குது. 'என்னங்க, என்னங்க'ன்னு கூப்பிடுறேன், பேச்சு குழறுது. எனக்கு உசுரே இல்ல. பக்கத்து வீட்டு கதவை தட்டுனேன்."

ஓடி வந்த பெண் மாத்திரை டப்பாவை பார்த்தார். அட்டையில் பெயர் இருந்த பக்கம் கடையிலேயே நின்று விட்டது. நல்லவேளை, அவருடைய மாமியாரும் அதே மாத்திரைதான் சாப்பிடுகிறார். நிறத்தை பார்த்து, "ஐயையோ அக்கா, ராத்திரியும் சுகர் மாத்திரையை போட்டிருக்காரு" என்று அலறினார். நினைவு இருந்ததால் உடனே சர்க்கரையை தண்ணீரில் கரைத்து குடிக்க வைத்தார்கள். பிறகு 108 வந்தது.

கொஞ்சம் தெளிந்து விட்டாரே என்று டாக்டர்கள் உடனே வீட்டுக்கு அனுப்பவில்லை. இந்த வகை மாத்திரை உடம்பில் வெகுநேரம் வேலை செய்யும். ஏறிய சர்க்கரை மறுபடி இறங்கி விடலாம். அதனால் ஒரு நாள் முழுக்க வைத்திருந்து பார்த்தார்கள்.

இதில் எல்லோரும் தெரிந்து கொள்ள வேண்டிய ஒன்று உண்டு. நினைவு இருந்தால்தான் சர்க்கரை தண்ணீர். நினைவு தப்பி விட்டால் வாயில் ஒரு சொட்டு கூட ஊற்ற கூடாது. மூச்சு குழாய்க்குள் போனால் அதுவே ஆபத்து.

கத்திரிக்கோல் செய்யும் வேலை

கெடு தேதி பெரும்பாலும் அட்டையின் ஒரு ஓரத்தில்தான் இருக்கும். "நாலு மாத்திரை குடுங்க" என்றால் கடை பையன் கத்திரிக்கோலால் சரக்கென்று வெட்டுகிறான். பெயர் ஒரு துண்டில், கெடு தேதி இன்னொரு துண்டில். கண் தெரிந்தவருக்கே அது மொட்டை அட்டை. கண் தெரியாதவருக்காக பக்கத்து வீட்டுக்காரர் படித்து சொல்லலாம் என்றாலும் படிக்க அதில் எழுத்து வேண்டுமே?

"முழு அட்டையா வாங்க வேண்டியதுதானே?" என்று சுலபமாக கேட்டு விடலாம். ரெயிலில் ஊக்கு விற்பவருக்கு அன்றன்று வியாபாரம் நடந்தால்தான் காசு. மூன்று நாளைக்கு, நாலு நாளைக்கு என்று வாங்குவது ஆசையால் அல்ல.

ஐரோப்பிய யூனியன் நாடுகளில் 2004-ம் ஆண்டு சட்டத்தை திருத்தி, மருந்து பெட்டியின் மேல் மருந்தின் பெயரை பிரெய்லியில் அச்சடிக்க வேண்டும் என்று கட்டாயமாக்கினார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நம் ஊர் கடையில் பெட்டி எங்கே கைக்கு வருகிறது? பெட்டி அலமாரியில் இருக்கும். அட்டை துண்டுதான் காகித கவரில் விழும்.

இங்கே 2023-ம் ஆண்டு ஆகஸ்டு 1-ந் தேதி முதல், அதிகம் விற்கும் 300 பெயர் மருந்துகளில் கியூ.ஆர். கோடு போட வேண்டும் என்று மத்திய அரசு விதி கொண்டு வந்தது. போலி மருந்தை பிடிக்க வந்த விதி அது. மருந்தின் பெயர், கெடு தேதி எல்லாம் அதற்குள் இருக்கும். போன் வாய் விட்டு படித்தால் பார்வையற்றவருக்கும் உதவும். ஆனால் அட்டையில் இடம் போதாவிட்டால் வெளி பெட்டியில் போடலாம் என்றும் அதே விதி சொல்கிறது. மறுபடியும் பெட்டி!

மாற்றுத்திறனாளிகள் உரிமை சட்டம் 2016-ல் வந்தது. ஆஸ்பத்திரியில் தடை இல்லாமல் நுழைய வழி வேண்டும் என்கிறது சட்டம். வாசலில் சாய்தளம் போட்டு விடலாம். மாத்திரை அட்டைக்கு எங்கே சாய்தளம் போடுவது?

மூன்று விரல் காட்டினால்...

காது கேளாதவருக்கு வேறு விதமான கண்டம். கடைக்காரர் மூன்று விரலை காட்டுகிறார். அது மூன்று வேளையா, ஒரே வேளைக்கு மூன்றா? காட்டியவருக்கு ஒரு அர்த்தம், பார்த்தவருக்கு ஒரு அர்த்தம். கவரில் 1–0–1 என்று எழுதி, காலை, இரவு என்று சூரியனும் நிலாவும் வரைந்து காட்ட அரை நிமிடம் போதும். எழுதியதை அவர் கையாலேயே திருப்பி காட்ட சொன்னால் சந்தேகமே இல்லை.

மனவளர்ச்சி குன்றியவர்கள் இருக்கும் வீட்டில் தப்பு நடப்பது அன்பால்தான். வலிப்பு மாத்திரையை காலையில் அப்பா கொடுத்து விட்டு வேலைக்கு போவார். "புள்ளைக்கு மாத்திரை குடுக்கலையே" என்று பாட்டி இன்னொரு தடவை கொடுப்பார். ஒரே ஆள் கொடுப்பதும், கொடுத்ததும் காலண்டரில் கோடு போடுவதும்தான் வழி. மிட்டாய் என்று சொல்லி கொடுத்தால் இன்னொரு நாள் டப்பாவோடு தின்று விடும் அபாயம் இருக்கிறது. அதே நேரத்தில் வலிப்பு மருந்தை திடீரென்று நிறுத்தவும் கூடாது. வலிப்பு விடாமல் வரலாம்.

விழுங்க முடியாத பிள்ளைக்கு தாய்மார்கள் மாத்திரையை நுணுக்கி பாலில் கலக்கிறார்கள். எல்லா மாத்திரைக்கும் அது சரிப்படாது. பெயருக்கு பின்னால் எஸ்.ஆர்., இ.ஆர்., எக்ஸ்.ஆர். என்று இருந்தால் அது நாள் முழுக்க கொஞ்சம் கொஞ்சமாக கரைய வேண்டிய மாத்திரை. நுணுக்கினால் மொத்தமும் ஒரேயடியாக உடம்பில் இறங்கும். டாக்டரிடம் சொன்னால் சிரப் இருந்தால் மாற்றி எழுதுவார். அந்த சிரப்பையும் நன்றாக குலுக்கி, பாட்டிலோடு வரும் அளவு மூடியில்தான் ஊற்ற வேண்டும். சமையல் கட்டு ஸ்பூனில் கூடாது.

இன்சுலின் ஊசி போடுபவர்கள் கதை இன்னும் மோசம். மருந்து குப்பியில் 40 என்றும் உண்டு, 100 என்றும் உண்டு. 40-க்கு சிவப்பு மூடி ஊசி, 100-க்கு ஆரஞ்சு மூடி ஊசி. 100 மருந்தை 40 ஊசியில் ஏற்றினால் இரண்டரை மடங்கு உள்ளே போய் விடும். சர்க்கரை வியாதியால் பார்வை மங்கியவருக்கு சிவப்பு எது, ஆரஞ்சு எது? பேனா ஊசியில் 'டிக் டிக்' சத்தத்தை எண்ணி போடுபவர்களும் இருக்கிறார்கள். அந்த சத்தத்தை மட்டும் நம்ப கூடாது என்று தயாரிப்பாளர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். பழகிய ஒருவர் அளவை பார்த்து சொல்ல வேண்டும்.

ரப்பர் பேண்டு

வியாசர்பாடி வீட்டில் இப்போது ஏற்பாடு மாறி விட்டது.

பி.பி. அட்டைக்கு ஒரு ரப்பர் பேண்டு. சுகர் அட்டைக்கு இரண்டு. பி.பி. மாத்திரை படுக்கை பக்கம் காபி தூள் டப்பாவில். சுகர் மாத்திரை அடுப்படியில் ஹார்லிக்ஸ் பாட்டிலில். இரண்டும் ஒரே இடத்தில் இருப்பதே கிடையாது. மாத்திரையை அட்டையில் இருந்து பிரித்து கொட்டி வைக்கும் பழக்கத்தையும் விட்டு விட்டார்கள்.

பக்கத்து வீட்டு பெண்ணின் மகன் எட்டாவது படிக்கிறான். புது மாத்திரை வந்தால் பெயரையும் கெடு தேதியையும் அவன் படிக்க, இவர் போனில் குரல் பதிவு செய்து கொள்கிறார்.

மக்களை தேடி மருத்துவம் திட்டம் 2021-ம் ஆண்டு ஆகஸ்டு 5-ந் தேதி தொடங்கியது. ரத்த கொதிப்பு, சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டு வந்து கொடுக்கும் திட்டம். இவர் பகல் முழுக்க ரெயிலில் இருப்பதால் அதில் சேராமலே இருந்தார். இந்த சம்பவத்துக்கு பிறகு மனைவிதான் விசாரித்து பெயர் கொடுத்தார்.

மாத்திரை கொண்டு வரும் பெண்ணிடம் அவர் முதலில் கேட்டது இதுதான்: "இது போன மாசம் குடுத்த அதே மாத்திரையாம்மா? ஒண்ணு என் கையில வெச்சு காட்டு."

கடையிலும் பேச்சு மாறியிருக்கிறது. "என்னண்ணே, ஒரு பேண்டா, ரெண்டு பேண்டா?" என்று கேட்டு கடை பையனே மாட்டி கொடுக்கிறான். வெட்டும்போது பெயர் இருக்கும் பக்கமாக பார்த்து வெட்டுகிறான்.

மனைவிக்கு மட்டும் இன்னும் திருப்தி இல்லை. "வெயில்ல ரப்பர் பேண்டு இத்து போயிடுதுங்க. போன வாரம் தொட்டு பார்த்தா ரெண்டுல ஒண்ணு அறுந்து டப்பாவுக்குள்ள கெடக்குது" என்கிறார்.

இப்போது சுகர் அட்டையை சின்ன துணி பையில் போட்டு, பை வாயில் இரண்டு முடிச்சு போட்ட நூலை தைத்து வைத்திருக்கிறார். ரப்பர் பேண்டும் அப்படியே இருக்கிறது.