ஒரு மண்டையோடு எத்தனை முகங்களுக்குப் பொருந்தும்?

2001 அக்டோபரில் வேளச்சேரியில் வசித்த இளைஞர் ஒருவர் கடத்தப்பட்டார். அந்த மாத இறுதியில் கொடைக்கானல் மலைக்காட்டில் ஓர் ஆண் உடல் கிடைத்தது. சரவண பவன் அதிபர் ராஜகோபாலுக்கு ஆயுள் தண்டனை பெற்றுத்தந்த வழக்கு இது. அதில் அதிகம் பேசப்படாத சாட்சியம் ஒன்று உண்டு: கிடைத்த உடலின் மண்டையோட்டின்மேல் அந்த இளைஞரின் புகைப்படத்தைப் பொருத்திப் பார்த்த தடயவியல் சோதனை.

படத்தில் முகம் எந்தக் கோணத்தில், எந்த அளவில் இருக்கிறதோ அப்படியே மண்டையோட்டையும் நிறுத்தி, ஒன்றின்மேல் ஒன்றை வைப்பார்கள். கண்குழிக்குள் கண் உட்கார வேண்டும். மூக்கெலும்பு, பல்வரிசை, தாடை விளிம்பு எல்லாம் தசையின் கனத்தைக் கழித்துவிட்டு ஒத்துப்போக வேண்டும்.

டி.என்.ஏ. சோதனை ஏன் செய்யவில்லை என்று எதிர்த்தரப்பு கேட்டது. 2019 மார்ச் 29 அன்று உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதிசெய்தது. டி.என்.ஏ., மண்டையோட்டுச் சோதனை இரண்டுமே நிபுணர் கருத்துதான். பிற சாட்சியங்களோடு சேர்த்தே எடைபோட வேண்டும் என்றது.

எப்படி எடைபோடுவது? "பொருந்துகிறது" என்று நிபுணர் சொன்னவுடன், வேறு எத்தனை பேருக்கு இதே அளவு பொருந்தும் என்று கேட்க வேண்டும். 1994இல் ஆஸ்டின்-ஸ்மித், மேப்பிள்ஸ் என்ற ஆய்வாளர்கள் அமெரிக்காவில் அதைத்தான் சோதித்தார்கள். மூன்று மண்டையோடுகளை, கிட்டத்தட்ட நூறு முன்பக்கப் படங்களோடும் அதே அளவு பக்கவாட்டுப் படங்களோடும் ஒப்பிட்டார்கள். முன்பக்கத்தில் 8.5 சதவீதம், பக்கவாட்டில் 9.6 சதவீதம் தவறாகப் பொருந்தின. இரு கோணங்களிலும் சேர்ந்து பொருந்தியவை 0.6 சதவீதம் மட்டுமே! 8.5 சதவீதத்தையும் 9.6 சதவீதத்தையும் பெருக்கிப் பாருங்கள், 0.8 சதவீதம் வரும். ஒன்றையொன்று சாராத இரு தடயங்கள் சேரும்போது தவறு கூடுவதில்லை, மளமளவெனச் சுருங்குகிறது. புள்ளியியலில் என்னை மிகவும் வியக்கவைப்பது இதுதான்.

பொருத்தும் வேலையை இன்று கணினியும் செய்கிறது. ஸ்பெயினின் கிரனடா பல்கலைக்கழகத்தார் இதற்குப் பரிணாம வழிமுறையைப் பயன்படுத்துகிறார்கள். மண்டையோட்டைப் பல நிலைகளில் திருப்பிப் பார்த்து, நன்றாகப் பொருந்தும் நிலைகளைக் கலந்து அடுத்த தலைமுறையை உருவாக்கிக்கொண்டே போகும் நிரல் அது.

ஆனாலும் எதைக் கேட்கிறோம் என்பதில் எல்லாமே மாறிவிடும். இது இன்னாரா என்று ஒருவரைப் பற்றி மட்டும் கேட்டால் 0.6 சதவீதம் வலுவான எண். அதே தவறு விகிதத்தோடு, தாம்பரம் ரயில் நிலையத்தைக் கடக்கும் ஒரு லட்சம் முகங்களில் ஆளைத் தேடினால் 600 பேர் தவறாகச் சிக்குவார்கள். தமிழகக் காவல்துறை 2021 முதல் பயன்படுத்தும் முக அடையாள மென்பொருள் செய்வது இந்த இரண்டாம் வகைத் தேடல். அது ஒரு பெயரைக் காட்டினால், எத்தனை படங்களுக்குள் தேடியது, அதன் தவறு விகிதம் என்ன என்ற இரண்டு எண்களும் வழக்குக் கட்டில் இருந்தாக வேண்டும்.